எந்தக் கீறலைத் தொடுவது, எதை விடுவது: ஒரு கெவ்லார் கனூவின் அடிப்பக்கம்

சென்ற புரட்டாசிக் கடைசியில், கனடாவின் அல்கோன்குயின் பூங்காவில் ஜோ ஏரிக்கு அப்பால் ஒரு கரையை அணுகும்போது, நீருக்கு அரை அடி கீழே கிடந்த கருங்கல்லின் மேல், துடுப்புப் போடும் ஒடுங்கிய படகான எங்கள் கனூ, முழுப் பாரத்துடன் ஏறி இறங்கியது. தேங்காய்ச் சிரட்டையைச் சீமெந்துத் தரையில் அழுத்தி இழுத்தாற் போன்ற சத்தம் ஒன்று கேட்டது. இரண்டு விநாடிக்கு மேல் நீடிக்கவில்லை. கரையில் இறக்கிக் கவிழ்த்துப் பார்த்தபோது, கரும்பச்சை உடலின் நடுப்பகுதியில் முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. அதன் நடுவில், கட்டைவிரல் நகமளவு இடத்தில், துணியின் நெசவு வெளியே தெரிந்தது.

ஒன்ராறியோவின் வடபகுதி ஏரிகளில் இது புதினமான சம்பவம் அல்ல. கனடியன் ஷீல்ட் எனப்படும் பழம்பாறைத் தட்டின் பள்ளங்களில் தேங்கிய நீர்தான் அந்த ஏரிகள் என்பதால், மணற்கரையை எதிர்பார்த்துச் செல்பவருக்குப் பெரும்பாலும் கல்லே கிடைக்கும். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் கனூவைத் தோளில் சுமந்து செல்லும் போர்ட்டேஜ் பாதைகளின் தலைமாட்டில் இது இன்னும் மோசம். கனூ ஏரிக்கும் ஜோ ஏரிக்கும் இடையிலுள்ள 295 மீட்டர்ப் பாதை அகலமானது, எல்லோரும் நடப்பது. நமக்கு முன்னே வந்துபோனவர்களின் கனூக்கள் சிவப்பும் பச்சையுமாக விட்டுச்சென்ற கோடுகளை இப்படிப்பட்ட இறங்குதுறைக் கற்களில் காணலாம்.

எங்கள் கனூ பழையதாக வாங்கியது. நீளம் 17 அடி. குளியலறைத் தராசில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று என் நிறையைக் கழித்தால் 52 இறாத்தல். அதன் உடல் மூன்று படைகளால் ஆனது: வெளியே, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பில், நிறம் கலந்த பொலியெஸ்டர் ரெசின் (திரவமாகப் பூசி இறுகவிடும் பிசின்) பூச்சு, அதாவது ஜெல்கோட்; அதனடியில் கண்ணாடி இழைத் துணி; உட்புறத்தில் மஞ்சள் நிறக் கெவ்லார் துணி. இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. 1965இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் செய்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த செயற்கை இழையான கெவ்லார், இழுவிசையை மிக நன்றாகத் தாங்கும். அமுக்கத்தை அந்த அளவுக்குத் தாங்காது. பாறை கீழிருந்து குத்தும்போது கனூவின் வெளிமுகம் அமுங்குகிறது, உள்முகம் விரிகிறது. ஆகவே விரியும் பக்கத்தில் கெவ்லாரும், அமுங்கும் பக்கத்தில் கண்ணாடி இழையும் இருக்கின்றன. பழுதுபார்க்கும்போது இந்த ஒழுங்கைக் குலைக்காமல் இருப்பதுதான் முக்கியம் என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

மார்கழியில் கனூவைக் கராஜுக்குள் இரண்டு மரத்தாங்கிகளில் கவிழ்த்து வைத்தேன். கழுவித் துடைத்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு கீறலுக்கும் அருகில் ஒரு சிறு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு போனபோது, துண்டுகள் 63 ஆகிவிட்டன. அத்தனையையும் நிரப்பிப் பூசி, கனூவைக் கடையில் நிற்பதுபோல் ஆக்கிவிடலாம் என்றுதான் அப்போது எண்ணம். அப்பா தேத்தண்ணிக் கோப்பையுடன் வந்து பார்த்தார். 1990 வரை யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் மீன்பிடித் தொழில் செய்தவர். பைபர் வள்ளத்துக்கு ஒட்டுப் போடுவதை வாழ்நாளில் எத்தனை தரம் செய்தார் என்ற கணக்கு அவரிடமே இல்லை.

“எல்லாத்தையும் பூசிக்கொண்டு போனா வள்ளம் பாரமாகிப் போடும், தம்பி. எது தோலிலை, எது சதையிலை எண்டு முதல்ல பிரிச்சுப் பார்” என்றார்.

பிரிப்பதற்கு அவர் காட்டிய வழி எளியது. ஈரத்துணியால் கீறலைத் துடைத்தால், மேலோட்டமான கீறல் மறைந்துவிடும். வெள்ளையாகத் தெரிவது நிறம் போனதால் அல்ல; கீறலின் சொரசொரப்பான விளிம்புகளில் ஒளி சிதறுவதால். நீர் அந்தச் சொரசொரப்பை நிரப்பியவுடன் அடியிலுள்ள பச்சை மீண்டும் தெரிகிறது. ஈரத்திலும் மறையாத கோட்டில் நகத்தைக் குறுக்கே ஓட்டினால், நகம் தடுக்கி நிற்கும் கீறல் ஜெல்கோட்டுக்குள் ஆழமாக இறங்கியது. நெசவு தெரிந்தால் ஜெல்கோட் முடிந்துவிட்டது என்று பொருள். இப்படிப் பார்த்துக்கொண்டு போனதில் 63 துண்டு டேப்பில் 51 கழன்றன. ஆழமான கீறல்கள் ஒன்பது, நெசவு தெரிந்த இடங்கள் மூன்று. அதுதான் உண்மையான வேலை.

பிறகு அப்பா சட்டைப்பையிலிருந்து இரண்டு டொலர்க் குற்றியை எடுத்து, அதன் விளிம்பால் அடிப்பக்கம் முழுவதும் தட்டிக்கொண்டு போனார். டக், டக், டக் என்று சீராக வந்த சத்தம், பாறையில் ஏறிய இடத்துக்கு ஒரு சாண் பின்னால், எந்தக் கீறலும் இல்லாத பளபளப்பான இடத்தில், சட்டென்று மந்தமாயிற்று.

“இஞ்ச பார். சத்தம் செத்துக் கிடக்கு.”

நான் டேப் ஒட்டாத இடம் அது. உள்ளே தலையை விட்டு விளக்கடித்துப் பார்த்தபோது, மஞ்சள் கெவ்லாரில் உள்ளங்கையளவு பகுதி வெளிறி, ஒரு மயிர்க்கோட்டு வெடிப்புடன் இருந்தது. அடி பட்டபோது உடல் உள்ளே வளைந்து திரும்பியிருக்கிறது. வெளிப்பூச்சு தாங்கிக்கொண்டது, உள்ளே படைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்துவிட்டன. முழங்கை நீளக் கீறலை வைத்துக்கொண்டு நான் கவலைப்பட்ட காலமெல்லாம், கவலைப்பட வேண்டிய இடம் அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்திருக்கிறது.

ஜெல்கோட்டைக் குளிரில் பூசக் கூடாது. 16 பாகை செல்சியஸுக்குக் கீழே அது சரியாக இறுகாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் சித்திரைக் கடைசியில் ஒரு வெயில் நாளில் ஆசைப்பட்டுத் தொடங்கிவிட்டேன். பகலில் 17 பாகை இருந்த கராஜ், இரவில் 11 பாகைக்கு இறங்கியது. மறுநாட் காலையில், நான் நிரப்பியிருந்த நான்கு கீறல்களிலும் பூச்சு பாகுபோல விரலில் ஒட்டியது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இறுகும் என்று இரண்டு நாள் பார்த்தேன், இறுகவில்லை. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, வைகாசி நடுப்பகுதி வரை காத்திருந்தேன்.

அந்த முதல் நாளில் இன்னொரு கூத்தும் நடந்தது. வீட்டிலிருந்த வெள்ளை நுரைக் கோப்பி கோப்பையில் ஜெல்கோட்டைக் கலக்கினேன். கலக்கிக்கொண்டிருக்கும்போதே கோப்பையின் அடி மென்மையாகி, கையுறைக்குள் ஏதோ குளிர்ச்சியாக இறங்கியது. ஜெல்கோட்டைத் திரவமாக வைத்திருப்பது ஸ்டைரீன். அந்தக் கோப்பையோ பொலிஸ்டைரீன். ஒன்று மற்றதைக் கரைக்காமல் வேறு என்ன செய்யும்? அதன் பிறகு மெழுகு பூசாத காகிதக் கோப்பைகளை வாங்கி வைத்தேன்.

வைகாசியில் முறையாகத் தொடங்கியபோது, முதலில் செய்தது கழுவுவதுதான். பழைய உரிமையாளர் கனூவுக்கு மெழுகும் பளபளப்புத் திரவமும் தாராளமாகப் பூசியிருந்தார். அவற்றின் மேல் எதுவும் ஒட்டாது. சவர்க்கார நீரால் இரண்டு தரம் கழுவி, காய்ந்த பின் அசிட்டோன் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, ஒவ்வொரு இழுவைக்கும் துணியின் புதிய பக்கத்தைத் திருப்பினேன். சாண்ட்பேப்பரை அதற்கு முன் எடுத்தால் மெழுகைக் கீறல்களுக்குள்ளேயே தேய்த்து ஏற்றியதாகிவிடும்.

ஆழமான கீறலை நிரப்புவதற்கு முன் அதை இன்னும் அகலமாக்க வேண்டும் என்பது முதன்முறை செய்பவருக்கு மனம் ஒப்பாத காரியம். கீறல் மயிரளவு ஒடுக்கமாக இருந்தால் பூச்சு அடிவரை இறங்காது. மேலே பாலம்போல் நின்று, அடுத்த கோடையில் நீளமான ஓர் ஓடாகக் கழன்று வரும். பால்டின் துளைக்கும் பழைய பாணித் திறப்பான் ஒன்றின் கூர்முனையை அரத்தால் தீட்டி, கீறல் வழியே மெதுவாக இழுத்து, அதன் வாயை ஆங்கில V எழுத்துப்போல் விரித்தேன். முனை கண்ணாடி இழையைத் தொட்டவுடன் கையில் வேறுவிதமான உரசல் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். பிறகு தூசியை உறிஞ்சி எடுத்து, இருபுறமும் இரண்டு மில்லிமீட்டர் விட்டு டேப் ஒட்டினேன்.

நெசவு தெரிந்த மூன்று இடங்களுக்கு ஜெல்கோட் மட்டும் போதாது. இழைக்கு வலுக் கொடுக்க மெல்லிய கண்ணாடி இழைத் துணியில் காசளவு வட்டங்களை வெட்டி, வினைல்எஸ்டர் ரெசினில் நனைத்து ஒட்டினேன். எப்பொக்சி என்ற வேறு வகை ரெசின் இன்னும் பலமாக ஒட்டும் என்று சொல்லுவார்கள், அது உண்மைதான். ஆனால் எப்பொக்சியின் மேல் பொலியெஸ்டர் ஜெல்கோட் நம்பிக்கையாக ஒட்டுவதில்லை. மேலே பச்சை ஜெல்கோட் வரவேண்டிய இடத்தில் வினைல்எஸ்டரும், மேலே எதுவும் வராத உட்புறத்தில் எப்பொக்சியும் என்று முடிவு செய்தேன். வெளியே கெவ்லார் துணியைப் பயன்படுத்தாததற்கு வேறு காரணம்: அதைத் தேய்த்தால் மழமழப்பாகாது, பூனை மயிர்போல் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

30 கிராம் ஜெல்கோட்டுக்கு, இரண்டு வீதக் கணக்கில், அதை இறுகவைக்கும் ஹார்டனர் 0.6 கிராம் வேண்டும். அதாவது அரை மில்லிலீற்றரைச் சற்றுத் தாண்டும். துளி எண்ணிப் போடுவதை நான் நம்பவில்லை. ஊசியில்லாத ஒரு சிறு சிரிஞ்சால் அளந்தேன். எம்.ஈ.கே.பி. எனப்படும் இந்த ஹார்டனர் ஒரு பெரொக்சைட். கண்ணில் ஒரு துளி தெறித்தாலே பார்வை போகலாம், அசிட்டோனுடன் கலந்தால் ஆபத்தான பொருளாகும். ஆகவே இரண்டையும் கராஜின் எதிரெதிர் மூலைகளில் வைத்தேன். கண்ணாடி, நைட்ரைல் கையுறை, கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி ஆகிய மூன்றும் இல்லாமல் டப்பாவைத் திறக்கவில்லை. தூசிக்கு அணியும் சாதாரண முகமூடி ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. கராஜ் கதவு திறந்திருந்தும் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, ஏதும் எரிகிறதா என்று கேட்கும் அளவுக்கு அந்த மணம் பரவும்.

நிறம் சேர்ப்பதில்தான் அதிக நேரம் போனது. டப்பாவில் வந்தது நிறமற்ற ஜெல்கோட். பச்சை, கறுப்பு, மிகச் சிறிதளவு மஞ்சள் சாயக் களிகளைத் தனித்தனியே கலந்தேன். கனூவின் வெளிப்புறம் வெயிலில் வெளிறியிருந்ததால், எந்தப் பச்சையுடன் ஒப்பிடுவது என்பதே முதற் கேள்வியாயிற்று. இருக்கைக்கு நேர் கீழே ஒரு சிறு சதுரத்தை மெருகேற்றி, அதன் உண்மையான நிறத்தை வெளிக்கொணர்ந்து, அதை அளவுகோலாக வைத்தேன். ஈரமாக இருக்கும்போது பொருந்துகிற நிறம் இறுகிய பின் மாறிவிடுவதால், ஹார்டனர் சேர்த்த ஒவ்வொரு கலவையிலும் ஒரு பொட்டை அட்டையில் வைத்துக் காயவிட்டுப் பார்த்தேன். ஆறாவது பொட்டு ஒத்துவந்தது. பகலில் ஒத்துவந்தது என்று சொல்லவேண்டும். கராஜின் வெள்ளை விளக்கில் அது இன்றும் நீலம் பாய்ந்ததாகத் தெரிகிறது.

ஜெல்கோட்டின் மேற்பரப்பு காற்றுப் பட்டால் ஒட்டும் தன்மை மாறாமலே இருக்கும். அதைத் தடுக்க, கீறலைச் சுற்றுப்புறத்தைவிடச் சற்று மேடாக நிரப்பி, தெளிவான பொலியெஸ்டர் தாளை மேலே போர்த்தி, ஒரு பழைய கடனட்டையின் விளிம்பால் குமிழிகளை ஒரு பக்கமாகத் தள்ளி எடுத்தேன். மேடாக நிரப்புவதற்குக் காரணம், இறுகும்போது அது சுருங்கும். மூன்று மணி நேரத்தில் தாளை உரித்தபோது, அடியில் கண்ணாடி மாதிரிப் பளபளத்த பச்சையைக் கண்டு, வேலை முடிந்துவிட்டதென்றே நினைத்தேன்.

வேலையைக் கெடுத்தது அதற்கு அடுத்த கட்டம். மேடாக நின்ற பூச்சை, தட்டையான ஒரு மரக்கட்டையில் 220ஆம் இலக்கச் சாண்ட்பேப்பரை (இலக்கம் கூடக்கூடப் பேப்பர் மென்மையாகும்) சுற்றி, மேட்டை மட்டும் தேய்த்து இறக்கவேண்டும். பிறகு நீர் தெளித்து 400, 600 என்று போகவேண்டும். எட்டுக் கீறல்களை அப்படித்தான் செய்தேன். ஒன்பதாவது, அடிப்பக்கம் பக்கச்சுவராகத் திரும்பும் வளைவில் இருந்தது. வளைவில் கட்டை சரியாகப் படியாததால், கட்டையை வைத்துவிட்டு, விரல்களால் பேப்பரை அழுத்தித் தேய்த்தேன். விரல்நுனியின் அழுத்தம் ஒரே இடத்தில் குவியும். வளைவின் உச்சியில் ஜெல்கோட்டும் மெல்லிதாகவே இருக்கும். நீரும் பச்சைச் சேறும் கலந்து ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை. துடைத்துப் பார்த்தபோது, கீறலுக்கு இரண்டு விரல் தள்ளி, சாரத் துணியின் நெசவுபோல் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன. பாறை மூன்று இடத்தில் செய்ததை நான் நாலாவது இடத்தில் செய்திருந்தேன், பரப்பளவில் அதைவிடப் பெரிதாக.

அந்த இடத்துக்கு மீண்டும் ஜெல்கோட் பூசி, மீண்டும் தாள் போர்த்தி, இம்முறை வளைவுக்கேற்ப வளையும் ஒரு தடித்த ரப்பர்த் துண்டைக் கட்டையாக வைத்துத் தேய்த்தேன். சுற்றியுள்ள நல்ல பரப்பின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிவைப்பது பலன் தந்தது: பென்சிற்கோடு அழியத் தொடங்கினால், பூச்சின் மேடு தீர்ந்து, உடலைத் தேய்க்கத் தொடங்கிவிட்டோம் என்று அர்த்தம். முதலிலேயே செய்திருக்கவேண்டிய காரியம்.

உள்ளே சத்தம் செத்த இடத்துக்குத் தனியாக ஒரு சனிக்கிழமை பிடித்தது. வெடிப்பின் வழியே எப்பொக்சியைச் சிரிஞ்சால் மெல்லச் செலுத்தி, வெளியிலிருந்து ஒரு பலகையை முட்டுக்கொடுத்து, உள்ளே மணல் நிரப்பிய பையை வைத்து அமுக்கி, ஓர் இரவு விட்டேன். மறுநாள் உட்புறத்தை 80 சாண்ட்பேப்பரால் சொரசொரப்பு ஏற்படும் அளவுக்கு மட்டும் உரசிவிட்டு, கெவ்லார்த் துணியில் இரண்டு ஒட்டுகளை, மூலைகளை வட்டமாக்கி, ஒன்றைவிட மற்றது ஒரு விரல் பெரிதாக வெட்டினேன். வெட்டினேன் என்று எழுதுவது சுலபம். வீட்டுக் கத்தரிக்கோல் அந்தத் துணியை மென்றுவிட்டு மடிந்துகொண்டது, கெவ்லாருக்கென்று செய்த கத்தரிக்கோலைத் தேடி வாங்கவேண்டியிருந்தது. நனைத்த ஒட்டுகளின் மேல், பின்னர் உரித்தெடுக்கக்கூடிய பீல் பிளை என்ற நைலோன் துணியை விரித்து, ரெசினின் மிகையை உருளையால் வெளியே தள்ளினேன். மறுநாள் அதை உரித்தபோது விளிம்புகள் தானாகவே மழுங்கி, தேய்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தன. அப்பா அதே இரண்டு டொலர்க் குற்றியால் தட்டினார். சுற்றியிருந்த இடத்தைவிடச் சற்றுக் கனமான, ஆனால் உயிருள்ள சத்தம். “இப்ப சரி” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

மெருகேற்றுவதில் எழுத அதிகம் இல்லை. 1000, 1500 வரை ஈரத்தில் தேய்த்து, காருக்குப் போடும் மெருகுக் களியைக் கையாலேயே தேய்த்து, கடைசியில் மெழுகு பூசினேன். ஈரத்தில் மறைந்த அந்த 51 கீறல்களில் பாதி, இந்த மெருகிலேயே தம்பாட்டில் மங்கிவிட்டன. மீதியை அப்படியே விட்டேன். துடுப்புக்கு அவை தெரிவதில்லை.

ஆனி முதல் வாரத்தில் தராசில் ஏறி நின்றபோது கனூ 52 இறாத்தலும் கொஞ்சமுமாகக் காட்டியது. குளியலறைத் தராசு காட்டும் வித்தியாசத்துக்குள் அது அடங்கும். ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் சேரும் இடத்தில், கல்லில்லாத மணற்கரையாகப் பார்த்து இறக்கி, இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டோம். திரும்பி வந்து உட்புறத்து ஒட்டைக் கையால் தடவினேன், காய்ந்திருந்தது. கவிழ்த்து வைத்து நாணயத்தால் தட்டினேன், சத்தம் மாறவில்லை. வளைவில் நான் கெடுத்துத் திருத்திய இடம் மட்டும், பக்கவாட்டு வெயில் விழும்போது, தண்ணீரில் ஒரு சிறு அலை நின்றுவிட்டதுபோல் தெரிகிறது. மிச்ச ஜெல்கோட் டப்பாவின் மூடியில் திறந்த திகதியையும் ஆறாவது பொட்டின் சாய அளவுகளையும் எழுதி, கராஜில் குளிர்ந்த மூலையாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.